துண்டு போட்ட இருக்கை

இன்று மாலை விருதுநகர் பேருந்து நிலையத்தில் யாரோ சன்னல் வழியாக வீசிய துண்டு என் மடியில் வந்து விழுந்தது. ஈரம் முழுதும் காயாத துண்டு. வெயிலும் வியர்வையும், வெளியே கடையில் பரோட்டா பொரிகிற எண்ணெய் மணமும் அதில் ஏறியிருந்தன. வீசியவர் குறி வைத்தது என் பக்கத்து இருக்கையை. கை சற்றுத் தவறிவிட்டது. கீழே நின்றபடி, "தப்பா நெனச்சுக்கிடாதீகம்மா. அந்தப் பக்கத்துச் சீட்டுல போட்டு வைங்க. வீட்டுக்காரி புள்ளையத் தூக்கிட்டு வாரா" என்றார்.

பக்கத்து இருக்கையில் என் பை இருந்தது. "இங்க ஆள் வருதுங்க" என்று சொல்லித் துண்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த சன்னலுக்குப் போய் இன்னொரு இருக்கையில் வீசினார்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. யார் வரப்போகிறார்கள்?

நீ ஆடிக் காற்றில் போனாய். இப்போது மாசி நடக்கிறது. இடையில் ஒரு மழைக்காலம் முழுதாக வந்து போய்விட்டது. ஞாயிறுதோறும் இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு நான் தனியாகத்தான் போய் வருகிறேன். ஆனாலும் திருத்தங்கலில் பேருந்து ஏறியதும் கை தானாகப் பையைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிடுகிறது. நான்கு ஊர் தாண்டி, ஆனைக்குட்டம் விலக்குக்கு அப்புறம் உன் ஊர் நிறுத்தத்தில் நீ ஏறுவாய் என்று அந்தக் கைக்கு யாரோ சொல்லிவைத்ததுபோல. திரும்பும்போதும் அதே கதைதான். யாராவது "ஆள் வருதா?" என்று கேட்டால் வாயும் "வருது" என்கிறது.

பேருந்து புறப்படக் காத்திருந்த நேரத்தில் சாய்ந்து கண்ணை மூடினேன். மூடியதும் நீ வந்துவிட்டாய். நீ எப்போதும் இப்படித்தான், கூப்பிடும் முன்பே வந்து நிற்பவள்.

அன்றைக்கும் அப்படித்தான் வந்து நின்றாய். நான் பணி ஓய்வு பெற்று வீட்டில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த காலம். பள்ளியில் ஒரே பெஞ்சில் பன்னிரண்டாம் வகுப்புவரை உட்கார்ந்தவர்கள் நாம். அதன்பின் நான் கணக்கு டீச்சர் ஆனேன். நீ கல்யாணம், பட்டாசுக் கம்பெனி, பிள்ளைகள் என்று போய், கடைசியில் உன் ஊருக்கு ஊராட்சித் தலைவரும் ஆனாய். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாய்.

"ஏ டீச்சரு, அரசியல் அறிவியல்னு ஒரு படிப்பு இருக்காம்ல? ஞாயித்துக்கெழம மட்டும் விருதுநகருக்குப் போயி ஒக்காந்தாப் போதுமாம். நீயும் வா."

"நான் கணக்கு டீச்சர். எனக்கு எதுக்குடி அது?"

"எனக்கு மட்டும் எதுக்கு? மூணு வருசமாத் தலைவரா இருக்கேன். அது என்ன வேலன்னு தெரிஞ்சுக்கிட வேண்டாமா?"

சொல்லிவிட்டு நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்தக் கேள்விக்குள் என்ன இருந்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. உனக்கே தெரிந்திருந்ததா என்பதும் சந்தேகம்தான்.

இந்தக் கடிதத்தை வேறு யாரும் படித்தால் அவர்களுக்காகச் சொல்ல வேண்டும். தேர்தலில் நிற்க ஆசைப்பட்டவன் உன் மூத்த மகன். ஊருக்குள் ஓடியாடி வேலை செய்கிறவன், நல்ல பையன். ஆனால் தலைவர் பதவி அந்த முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதனால் நீ நின்றாய், ஜெயித்தாய். ஜெயித்த மறுநாளிலிருந்து அலுவலகத்தில் அவன் உட்கார்ந்தான். காகிதங்கள் வீட்டுக்கு வரும், நீ அடுப்படியில் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவாய். ஊரில் அவனைத் "தலைவரே" என்றார்கள். உன்னைத் "தலைவரோட அம்மா" என்றார்கள். அதில் யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. சுற்றுவட்டாரத்தில் பாதி ஊர்களில் அப்படித்தான் என்பதால் எனக்கும் உறுத்தவில்லை.

நம் வகுப்பு ஒரு கல்லூரியின் பழைய கட்டடத்து மாடியில் நடக்கும். அந்த அறை என் கனவில் இப்போதும் வருகிறது. மெதுவாகச் சுற்றும் மின்விசிறிகள், சன்னலை உரசிக்கொண்டு ஒரு வேம்பு, கரும்பலகையில் யாரோ வெள்ளிக்கிழமை எழுதிப் பாதி அழித்த வேதியியல். போலீஸ் தேர்வுக்குப் படிக்கிற பையன்கள் முன்வரிசை. நமக்குப் பின்னால், சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் வேலை பார்க்கும் பெண். சீசன் நேரத்தில் இரவு வேலை முடித்து நேராக வகுப்புக்கு வந்துவிடுவாள், நகக்கண்ணில் மசி நிறம் போகாமல். பாடம் எடுத்தவர் காரியாபட்டிப் பக்கத்திலிருந்து வரும் இளைஞர். நம் வயதைப் பார்த்து முதல் நாள் அவர் எழுந்து நின்றுவிட்டார். "சார், நாங்க பர்ஸ்ட் இயர்தான், ஒக்காருங்க" என்று நீ சொன்னதும் வகுப்பே சிரித்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் குரல் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் இருக்கும். "இறையாண்மை பிரிக்க முடியாதது… அடுத்தவருக்கு மாற்றித் தர முடியாதது…" வேம்பின் நிழல் புத்தகத்தின்மேல் அசையும். உன் தலை என் தோளில் சாயும். நான் தட்டி எழுப்பினால், "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். மாத்திக் குடுக்க முடியாது. அம்புட்டுத்தான?" என்று கண்ணைத் திறக்காமலே சொல்வாய்.

உதாரணம் இல்லாமல் எனக்கு எதுவும் விளங்காது, விளக்கவும் வராது. அது என் தொழில் வியாதி. அரசு வேறு, அரசாங்கம் வேறு என்று சார் சொல்லிக் குழப்பிய அன்று, திரும்பும் வழியில் உனக்குச் சொன்னேன்: "இந்தப் பஸ்ஸ எடுத்துக்கோ. டிரைவர் சிப்ட் முடிஞ்சா மாறுவார். பஸ் அதே பஸ்தான். பஸ்தான் அரசு, டிரைவர் அரசாங்கம்."

"அப்ப நம்ம யாரு? கம்பியப் பிடிச்சுத் தொங்கிட்டு வாரவுகளா?"

"நம்மதான்டி பஸ்ஸுக்கே சொந்தக்காரங்க."

"சொந்தக்காரிக்கு ஒரு சீட்டுக் கெடைக்கல பாரு" என்றாய். நடத்துநருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதிகாரங்களை ஏன் பிரித்து வைக்கிறார்கள் என்பதற்குப் பட்டாசுக் கம்பெனியைச் சொன்னேன். வெடிமருந்து கலக்கும் அறை, அடைக்கும் அறை, காயப்போடும் மேடை எல்லாம் தள்ளித்தள்ளி இருக்கும், ஒன்றில் தீ பிடித்தால் மற்றது தப்பிக்க வேண்டும், அதுபோல என்றேன். அந்த அறைகளில் வேலை பார்த்தவள் நீ. உன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாய். பிறகு, "சரிதான். ஆளு தப்பிச்சு ஓடக் கதவத் தெறந்து வைக்கணும். அதையும் சேத்து எழுது" என்றாய். பரீட்சையில் நான் அப்படியே எழுதினேன்.

இவையெல்லாம் விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்த நாட்கள். பிறகு உள்ளாட்சிப் பாடம் வந்தது.

கார்த்திகை மாதம் என்று நினைவு. வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு நின்றது. சார் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "அவங்கவங்க ஊராட்சித் தலைவர் யாருன்னு ஒவ்வொருத்தராச் சொல்லுங்க. எத்தனை பேருக்குத் தெரியுதுன்னு பாப்போம்" என்றார். முன்வரிசைப் பையன்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. தலையைச் சொறிந்தார்கள். என் முறை வந்தது, திருத்தங்கலில் ஊராட்சி கிடையாது என்று சொல்லித் தப்பித்தேன். அடுத்து உன்னைப் பார்த்தார்.

"உங்க ஊர்ல தலைவர் யாருங்கம்மா?"

நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "என் மூத்த மகன் சார்" என்றாய். உன் குரலில் ஒரு தாயின் பெருமைகூட இருந்தது.

பின்னால் இருந்த அச்சகப் பெண் எட்டிப் பார்த்தாள். "பெரியம்மா, போன தேர்தல்ல நீங்கதான நின்னீக? எங்க பிரஸ்லதான் ஒங்க போஸ்டர் அடிச்சோம். ஒங்க படந்தான் போட்டுருந்துச்சு. நான்தான் மடிச்சுக் கட்டுனேன்."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை, பாசமான சிரிப்புதான். "ஆமால்ல!" என்று நீயும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். சார் மட்டும் சிரிக்கவில்லை. பேச்சை மாற்றிச் சட்டென்று அடுத்த ஆளிடம் போய்விட்டார். அந்த நாகரிகம்தான் உன்னை அதிகம் சுட்டிருக்க வேண்டும். உன் சிரிப்பு முடிந்த பிறகும் கை வாயிலிருந்து இறங்கவில்லை. வகுப்பு முடியும்வரை நீ தூங்கவும் இல்லை.

பேருந்து நிலையத்தில் வழக்கமாக உன் பையைச் சன்னல் வழியாக வீசி இடம் பிடிப்பது நீதான். என் முப்பது வருட டீச்சர் மரியாதை அதைச் செய்ய விடாது. அன்றைக்கு நீ வீசவில்லை. கூட்டத்தோடு மெதுவாக ஏறினாய். பெண்கள் இருக்கை ஒன்றில் ஒரு சிவப்புத் துண்டு கிடந்தது. அதை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். என்னையும் இழுத்து உட்கார வைத்தாய். வண்டி புறப்படும் நேரத்தில் துண்டுக்காரர் டீ வாசனையோடு ஏறி வந்தார்.

"என்னம்மா, துண்டு போட்டுருக்கேன்ல?"

"துண்டு போட்டுருந்தீக. நீக எங்கய்யா இருந்தீக?"

"கடையில நின்னேன்."

"அப்பக் கடையிலதான் ஒங்களுக்கு எடம். ஒக்காந்தவுகளுக்குத்தான் சீட்டு. இந்தாங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டு பின்னால் போனார். எனக்கு நாக்கு அரித்தது. எவ்வளவு நல்ல உதாரணம்! வாயைத் திறந்தேன். நீ என் முழங்கையைப் பிடித்தாய்.

"இன்னைக்கு உதாரணம் சொல்லாத டீச்சரு."

வண்டி ஊரைத் தாண்டியது. மழை வராமல் மேகம் கலைந்து, கரிசல் காட்டின்மேல் மஞ்சள் வெயில் விழுந்தது. தூரத்தில் ஏதோ ஒரு கம்பெனியில் பேன்சி வெடிகளைச் சோதனைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். பகல் வெளிச்சத்தில் நிறமே தெரியவில்லை. வானத்தில் வெளுத்த பூ ஒன்று விரியும், கொஞ்சம் புகை நிற்கும், பிறகு மெதுவாகச் சத்தம் வரும். ஊர் உலகத்துக்கெல்லாம் நிறமாகத் தெரிவது நமக்கு இப்படித்தான் தெரியும், பாதி நிறத்தில். நீ அதையே பார்த்துக்கொண்டு வந்தாய். ஆனைக்குட்டம் அணைத் தண்ணீர் எட்டத்தில் ஒரு கோடாக மின்னத் தொடங்கியபோது, சன்னலைப் பார்த்தபடியே சொன்னாய்.

"நானும் ஒரு துண்டுதான் டீச்சரு. என்னையப் போட்டு எடம் பிடிச்சு வச்சிருக்கான். ஆளு வந்து ஒக்காந்துக்கிட்டான்."

உன் கையைப் பிடித்துக்கொண்டேன். எந்த உதாரணமும் எனக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு நீ படித்த விதமே மாறிவிட்டது. உள்ளாட்சிப் பாடத்தை வரிவரியாக என்னிடம் கேட்டாய். கிராமசபையை யார் கூட்டுவது, யார் தலைமை ஏற்பது, தீர்மானத்தை யார் வாசிப்பது. "அதுல மகன்னு எங்கயாச்சும் போட்டுருக்கா பாரு" என்று ஒருமுறை கேட்டாய், பாதி விளையாட்டாக. உன் பயம் எனக்குத் தெரிந்தது. பதவி போய்விடும் என்ற பயமே உனக்குக் கிடையாது. மகன் முகம் வாடிவிடும் என்பதுதான் உன் பயம். உன் வீட்டுக்காரர் போன பிறகு வீட்டைத் தூக்கி நிறுத்தியவன் அவன். அவனை ஊருக்கு முன்னால் சிறியவனாக்கிவிட்டு எந்தச் சோற்றை இறக்குவது என்று கேட்டாய். நாற்காலியில் உட்காராமலே மீதிக் காலத்தை ஓட்டிவிடலாமா என்றும் கேட்டாய். நான் ஆம் இல்லை என்று சொல்லவில்லை. வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை எழுதுகோலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நான் காத்திருப்பேனே, அப்படிக் காத்திருந்தேன்.

குடியரசு நாள் வந்தது. "கிராமசபைக்கு வந்துரு. சும்மா ஒக்காந்துரு, போதும்" என்று போனில் சொன்னாய்.

உன் ஊர் நூலகத்துக்கு முன்னால், ஒரு வேம்புக்குப் பக்கத்தில் சின்னப் பந்தல். தரையில் தார்ப்பாய். எதிரே மேசையும் நாற்காலிகளும். நடு நாற்காலியின் முதுகில் உன் மகனின் துண்டு கிடந்தது. அவன் கொடியேற்றத்துக்கு மிட்டாய் வாங்கப் போயிருந்தான். நீ தார்ப்பாயில் பெண்களோடு உட்காரப் போகிறவள்போல நடந்து வந்து, அங்கே நிற்காமல் மேசையைச் சுற்றிக்கொண்டு போனாய். துண்டை எடுத்து மடித்தாய். உட்கார்ந்தாய். மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டாய். பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

உன் மகன் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். பார்த்தான். குனிந்து மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"ம்மா, இங்கன வெயிலடிக்கும். நீ அங்கிட்டு நெழல்ல ஒக்காரு."

"அடிக்கட்டும்யா. இந்தா ஒன் துண்டு."

அவன் வாங்கிக்கொண்டான். எங்கே நிற்பது என்று தெரியாமல் கொஞ்சம் நின்றான். பிறகு பந்தல் காலோரம் போய்ச் சாய்ந்துகொண்டான். அந்த இடைவெளியில் உன் முகத்தை நான் பார்த்தேன். கண் அவன் பின்னாலேயே போனது. ஊராட்சிச் செயலர் வழக்கப்படி உன் மகனைப் பார்த்து, "ஆரம்பிக்கலாமாண்ணே?" என்றார்.

நீ பேச வாயெடுத்தாய். வரவில்லை. என்னைத் தேடினாய். கேள்வித்தாளைப் பார்த்து எல்லாம் மறந்துபோன பிள்ளை டீச்சரைத் தேடுமே, அதே கண். எடுத்துக்கொடுக்க எனக்குத் துடித்தது. இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அதுபோலக் கடினமான காரியம் எதுவும் நான் செய்ததில்லை.

"தம்பி," என்றாய் செயலரிடம். குரல் உடைந்துதான் வந்தது. "என்னையப் பாத்து வாசிங்க."

அவர் திரும்பி உட்கார்ந்து வாசித்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு உன் குரல் உன்னிடம் வந்துவிட்டது.

முதலில் எழுந்தவள் பட்டாசு வேலைக்குப் போகும் ஒரு பெண். பழக்கதோஷத்தில் உன் மகன் பக்கம் திரும்பி, "தலைவரே" என்றாள். உடனே திகைத்து, "இப்ப யாரப் பாத்துச் சொல்லணும்?" என்றாள். தார்ப்பாய் முழுக்கச் சிரிப்பு.

"இங்கன பாரு. நான் இங்கனதான் இருக்கேன்" என்றாய்.

"இல்ல அத்த, தண்ணி பத்து மணிக்குத் தெறக்காக. நாங்க ஏழு மணிக்கே கம்பெனி வண்டியில ஏறிருதோம். யாரு பிடிக்க? வயசுப் பிள்ளைகளப் பள்ளிக்கூடத்துக்குப் போகாம நிப்பாட்டிட்டுப் போறோம். மூணு வருசமாச் சொல்லிட்டு வாரோம்."

எனக்குச் சுருக்கென்றது. பிற்பகலில் பள்ளிக்கு வந்து, "தண்ணி பிடிச்சேன் டீச்சர்" என்று தலை குனிந்து நிற்கும் எத்தனை பெண் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

உன் மகன் பந்தல் காலோரத்திலிருந்து, "மோட்டாருக்குக் கரண்ட் வார நேரம் அப்பிடிம்மா. அது சொன்னா வெளங்காது" என்றான். முன்பானால் பேச்சு அங்கே முடிந்திருக்கும். நீ தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறவரைக் கூப்பிட்டாய்.

"ராத்திரியே தொட்டிய நெறச்சு வச்சுட்டு வெள்ளன, விடியக்காலமே தெறந்து விட முடியுமா, முடியாதா?"

அவர் காதைச் சொறிந்தார். "முடியுந்தான்."

"அப்பறம் ஏன் பத்து மணி?"

"யாரும் கேக்கலயேம்மா. பத்து மணின்னா எனக்கும் தோதா இருந்துச்சு."

"இனிம ஊருக்குத் தோதாத் தெறங்க. எழுதுங்க தம்பி, தீர்மானம்" என்றாய். அதைச் செயலர் எழுதி நீட்டியபோது, அடுப்படியில் நின்று போடும் அவசரக் கையெழுத்தைப் போடவில்லை. முழுதாக வாசித்தாய். எல்லோரும் காத்திருந்தார்கள். வேம்பிலிருந்து பழுத்த இலைகள் மேசைமேல் உதிர்ந்துகொண்டிருந்தன. எனக்கு அந்தச் சில நிமிடங்கள் இன்னும் முடியவில்லை.

உன் மகன் அன்று வீட்டில் சாப்பிடவில்லை. பல நாள் பேசவும் இல்லை. "ஊருக்குள்ள என் தலைய எங்க வைக்கம்மா?" என்று கேட்டானாம். "நீ எனக்கு மகன். அதுல ஒரு கொறையும் கெடையாது. அதுக்கு மேல ஒரு பட்டம் ஒனக்கு எதுக்குய்யா?" என்று சொன்னதாகப் பேருந்தில் சொன்னாய். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். அவன் இருந்த இடத்தில் நீ உட்கார்ந்த மகிழ்ச்சியை உன் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. வேலை இருந்தது, அதைச் செய்தாய். பங்குனியில் ஒரு ஞாயிறு, நிறுத்தத்தில் நீ பேருந்து ஏறவில்லை. பதறிப்போய்க் கல்லூரி வாசலில் இறங்கினால், அவன் வண்டியின் பின்னாலிருந்து நீ இறங்குகிறாய். "டீச்சர், சாயங்காலம் நான் வந்து ரெண்டு பேரையும் பஸ்ஸுல ஏத்தி விடவா?" என்றான். "வேண்டாம். எங்களுக்குச் சீட்டுப் பிடிக்கத் தெரியும்" என்று நீ முந்திக்கொண்டாய். அவன் சிரித்தான். எத்தனையோ நாள் கழித்து.

பரீட்சை எழுதினோம். பிரதிநிதித்துவம் என்றால் என்ன என்று ஒரு கேள்வி. என்ன எழுதினாய் என்று கேட்டதற்கு, "தண்ணி தெறக்குற நேரம்னு எழுதுனேன். திருத்துறவருக்கு வெளங்குதோ என்னமோ" என்றாய். அவருக்கு விளங்கியிருக்கிறது. முடிவு வந்தபோது உன் மகன்தான் தன் போனில் எனக்குக் காட்டினான். எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாய். அதைப் பார்க்க நீ இல்லை.

நெஞ்சு வலி என்று ஆடியில் ஒரு காலை சொன்னாயாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். வெள்ளனத் தண்ணீர் பிடித்துவிட்டுக் கம்பெனி வண்டிக்கு நின்ற பெண்கள் அன்றைக்கு வண்டி ஏறவில்லை. குடங்களை வீட்டு வாசலில் வைத்துவிட்டு அப்படியே உன் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் வந்தபோது தெரு முழுக்க நிறைகுடங்கள், வெயில் ஏறி ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம்.

அஞ்சலிப் போஸ்டர் மறுநாள் காலை ஊரெல்லாம் ஒட்டியிருந்தது. அச்சகப் பெண் பிறகு ஒரு வகுப்பில் எனக்குச் சொன்னாள். உன் மகன் தானே வந்து நின்று அடிக்க வைத்தானாம். உன் படத்துக்குக் கீழே, ஊராட்சி மன்றத் தலைவர் என்று பெரிய எழுத்தில். கடைசி வரியில் அவன் பெயர்.

"அண்ணன் பேருக்கு முன்னாடி என்ன போடன்னு கேட்டேன் டீச்சர். வழக்கமாப் போடுற பட்டமெல்லாம் இருக்குல்ல? ஒண்ணும் போடாதம்மா, மகன்னு மட்டும் போடுன்னாரு."

துணைத் தலைவர் பொறுப்பில்தான் இப்போது உன் ஊராட்சி நடக்கிறது. தண்ணீர் நேரத்தில் யாரும் கை வைக்கவில்லை. இனி வைக்க முடியும் என்றும் தோன்றவில்லை. உன் ஊர்ப் பள்ளியில் இப்போது இருக்கும் டீச்சர் என் பழைய மாணவி. காலைப் பிரார்த்தனைக்குப் பெண் பிள்ளைகள் வரிசை முழுதாக நிற்கிறது என்கிறாள்.

கண்ணைத் திறந்தேன். வண்டி நிரம்பியிருந்தது. என் மடியில் துண்டு வீசியவரின் மனைவி பின்னால் ஓர் இருக்கையில் குழந்தையை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். நடைபாதையில் அந்த அச்சகப் பெண் நின்றிருந்தாள். இரவு வேலையின் களைப்பு கண்ணில் தெரிந்தது. என் பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வகுப்பிலும் பேருந்திலும் இத்தனை மாதமாக அந்தப் பை அங்கே இருப்பதைப் பார்க்கிறவள். இன்றுதான் கேட்டாள்.

"டீச்சர், ஆள் வருதா?"

வாய் "வருது" என்று சொல்லத் தொடங்கியது. கை முந்திக்கொண்டது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இல்லத்தா. வா, ஒக்காரு."

உட்கார்ந்தாள். சற்று நேரத்தில், "கூட்டாட்சின்னு இன்னைக்கு நடத்துனாரே, எனக்கு ஒண்ணும் ஏறல டீச்சர்" என்றாள். "ஒரு உதாரணம் சொல்லட்டுமா?" என்றேன். ஆரம்பிச்சுட்டா என்று நீ எங்கோ முனகியது கேட்டது. நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் கேட்டுக்கொண்டே வந்து, பாதியில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். தூரத்தில் யாரோ பகலிலேயே வாணம் விட்டுப் பார்த்தார்கள். வெளுத்த பூ ஒன்று விரிந்து நின்று கலைந்தது.

உன் ஊர் நிறுத்தத்தில் வண்டி நின்றது. நீ இறங்கிப் போகும் வாசல் படியைப் பார்த்தேன். விருதுநகரில் நீயும் ஏறி வந்திருந்தால் இன்றைக்கு உனக்கு இடம் இல்லை. அந்தப் பெண்ணை எழுப்பவும் விட்டிருக்க மாட்டாய். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒக்காந்தவுகளுக்குத்தான் சீட்டு என்று சிரித்தபடி என் பக்கத்திலேயே நின்று வந்திருப்பாய்.